மறு: ஃபெல்ட் தொப்பிக் கலைச்சொற்கள் – ‘கம்பளித் துணி’ வேண்டாம், ‘சடையம்’ வைப்போம்

அனைவருக்கும் வணக்கம். ஃபெல்ட் (felt), அதாவது மயிரை நெய்யாமல் இறுக்கிச் செய்யும் பொருள், அதில் செய்த தொப்பிகளைச் சீர்செய்யும் வேலைக்கு நாம் சேர்க்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் ஃபெல்ட்டுக்குச் ‘சடையம்’ என்று வைக்கலாம் என்றேன். அதையும் மற்ற சொற்களையும் பற்றி வந்த எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஃபெல்ட்டுக்குக் ‘கம்பளித் துணி’ என்று பலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

கூடாது ஐயா. அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் பொருந்தவில்லை. முதலில் ‘துணி’யை எடுத்துக்கொள்வோம். ஃபெல்ட்டில் பாவு கிடையாது, ஊடு கிடையாது, நூலாகத் திரிப்பதுகூடக் கிடையாது. விலங்கு மயிரின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன, எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். வெந்நீரும் அழுத்தமும் அசைவும் சேரும்போது ஒவ்வொரு மயிரும் தன் வேர்ப்பக்கமாக நகர்ந்து பக்கத்து மயிர்களுக்குள் நுழைந்துவிடும். செதில் தடுப்பதால் வந்த வழியே திரும்பாது. இப்படி நகர்ந்து நகர்ந்து, தளர்வான மயிர்க்குவியல் சுருங்கி, கத்திரியால் வெட்டினாலும் ஓரம் பிரியாத ஒரு பரப்பாகிவிடுகிறது. ஓரத்தை மடித்துத் தைக்காமலே தொப்பி விளிம்பை வெட்டி விட முடிகிறதே, அது இதனால்தான். துணியில் அப்படிச் செய்தால் நூல் நூலாக வந்துவிடும்.

அடுத்தது ‘கம்பளி’. நல்ல தொப்பிகள் பெரும்பாலும் ஆட்டு மயிரில் செய்தவை அல்ல. முயல், காட்டுமுயல், பீவர் (நீரிலும் கரையிலும் வாழும் ஒரு கொறிவிலங்கு) இவற்றின் அடிமயிரில் செய்தவை. அடிமயிர் என்றால் வெளியே தெரியும் முரட்டு மயிருக்குக் கீழே தோலை ஒட்டி இருக்கும் மெல்லிய மயிர். 1670இல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனி வட அமெரிக்காவின் பீவர் தோலை ஐரோப்பாவுக்கு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்ததே தொப்பிக்காரர்களுக்காகத்தான். கம்பளித் தொப்பி தடிமனாக இருக்கும், நனைந்தால் சீக்கிரம் தொய்ந்துவிடும். அடிமயிர்த் தொப்பி மெல்லியது, ஆனால் நெருக்கமானது, ஆவி காட்டினால் இளகி ஆறினதும் மறுபடி விறைத்துக்கொள்ளும். பழைய தொப்பியைச் சீர்செய்ய உட்காருகிறவர் முதலில் பார்ப்பதே இது எந்த மயிர் என்பதைத்தான். ‘கம்பளித் துணி’ என்று வைத்துவிட்டு அப்புறம் ‘முயல்மயிர்க் கம்பளித் துணி’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு என்ன புரியும்?

‘நம்தா’ என்ற யோசனையும் வந்தது. அது ஃபெல்ட் தரைவிரிப்பின் பெயராகவே பழகிப்போனது, தொப்பிக்கு ஒட்டாது.

> ‘சடை’ என்றால் பின்னல் என்றுதானே எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்? ஃபெல்ட்டில் பின்னலே இல்லை என்கிறீர்கள்.

நியாயமான கேள்வி, இதைத்தான் நானும் அதிகம் யோசித்தேன். பின்னலுக்கு நாம் ஜடை என்றும் சடை என்றும் சொல்கிறோம், உண்மை. ஆனால் சடாமுடியில் இருப்பது பின்னலா? யாரும் பின்னாமல், தானாக ஒன்றோடொன்று சிக்கி இறுகிய முடி அது. வீட்டு நாயின் காதுக்குப் பின்னால் மயிர் திரண்டு, சீப்பு நுழையாமல், தட்டையாக ஒரு கட்டியாகிவிடுமே, அதையும் சடை விழுந்துவிட்டது என்றுதான் சொல்கிறோம். ஃபெல்ட்டில் நடப்பதும் அதேதான், அளவோடும் வேண்டுமென்றேயும் செய்கிறோம் என்பது மட்டும் வேறு. தமிழில் இந்த வினைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கும்போது புதிதாக எங்கே போய்த் தேடுவது? மரம் சடைத்து வளர்ந்திருக்கிறது என்கிறோம், அங்கேயும் நெருக்கம்தான் பொருள்.

‘சடைத்துக்கொள்வது’ என்றால் சலித்துக்கொள்வது ஆயிற்றே என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அது ‘கொள்’ சேர்ந்த வடிவம், குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

சொல்லைச் சோதிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, அதை வைத்து வேலைக்குறிப்பு எழுதிப் பார்ப்பது. எழுதிப் பார்த்தேன். சடைத்தல் (வினை), சடையம் (பொருள்), முயல்மயிர்ச் சடையம், கம்பளிச் சடையம், சடையக் கூம்பு (தொப்பியாக்குமுன் கூம்பாக வரும் மூலப்பொருள்), சடையத் தூள் (பூச்சி அரித்த குழியை நிரப்பப் பயன்படுவது). ‘உச்சியில் சடையம் மெலிந்திருக்கிறது, உப்புத்தாள் போடாதே’ என்று எழுதினால் தடங்கலில்லாமல் வருகிறது. ‘கம்பளித் துணி’யில் வினையே கிடைக்காது.

> தொப்பியைக் கட்டையில் வைத்து வடிவம் கொடுப்பதற்கு ‘கட்டையேற்றம்’ என்று போடலாமா?

தயவுசெய்து வேண்டாம். ‘கட்டை’ என்று தனியாகச் சொன்னால் தச்சுவேலை. ‘கட்டையில் ஏற்றுவது’ என்றால் நம் காதில் சுடுகாடுதான் விழும். ‘அச்சேற்றம்’ என்பதை அச்சகக்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ‘உருவேற்றல்’ மந்திரத்துக்குப் போய்விட்டது.

அந்த வேலையைப் பாருங்கள். சடையக் கூம்பை ஆவியில் காட்டி, கை பொறுக்கும் சூட்டில் மரத் தலையின் மேல் இழுத்து, அடியில் ஒரு கயிற்றால் இறுக்கி, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் எல்லாப் பக்கமும் ஒட்டிப் படியும்வரை கீழ்நோக்கி நீவி, அப்படியே காயவிடுகிறோம். காயும்போது அது சுருங்கி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதில் முக்கியமான சொல் ‘படிதல்’. ஆகவே ‘படியவைப்பு’ என்பது என் பரிந்துரை. மரத்துக்குத் ‘தொப்பித் தலை’ போதும். பழைய தொப்பியை மறுபடி வடிவத்துக்குக் கொண்டுவருவது ‘மறுபடியவைப்பு’.

> பழைய தொப்பியைச் சீர்செய்யும் வேலைக்குப் ‘புதுப்பித்தல்’ போதுமே, ‘மீட்பு’ எதற்கு?

இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. புதுப்பித்தல் என்றால் பழசை மறைத்துப் புதுசாக்குவது என்றுதான் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பார். பழைய தொப்பியில் வேலை அப்படி இல்லை. தொப்பியைச் சுற்றி வெளியே இருக்கும் நாடாவின் தையலைப் பிரித்து எடுத்தால் அதன் கீழே ஒரு விரற்கடை அகலத்துக்கு வெயில் படாத பட்டை ஒன்று தெரியும். மேலே மங்கின பழுப்பு, அங்கே மட்டும் கறுப்புக்கு நெருங்கின அடர்பழுப்பு, முனையைச் சாய்த்துப் பிடித்தால் லேசான பளபளப்பு. தொப்பி கடையில் இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. அந்த நிறத்தை நோக்கிப் போகலாம், அதைத் தாண்டிப் போகக் கூடாது. உள்ளே வியர்வைப் பட்டையின் தோல் காய்ந்து வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், காய்ந்த தோல் சுருங்கித் தொப்பியையும் சேர்த்து இழுத்துவிடும். ஆனால் புதுத் தோலைப் பழைய ஊசித்துளைகளிலேயே தைக்க முடியும். இதற்கு ‘மீட்பு’ என்ற சொல்தான் சரி.

அடுத்து, யாரும் கேட்காத ஒன்று, ஆனால் பட்டியலில் கட்டாயம் வேண்டும். முயல் மயிர் எளிதில் சடைக்காது. அதனால் அந்தக் காலத்தில் தோலின் மேல் பாதரச நைட்ரேட்டைப் பூசிச் செதில்களை முரடாக்கினார்கள். மயிர் நுனி காரட் நிறத்துக்கு மாறும், ‘காரட்டிங்’ (carroting) என்ற ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். அந்த ஆவியையும் தூசியையும் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமும் மனக்குழப்பமும் வந்தன. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி ஊர் தொப்பித் தொழிலுக்குப் பேர்போனது, அந்த நடுக்கத்துக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1941இல்தான் இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. பின்னர் பாதரசம் இல்லாத முறைகள் வந்ததால் பொதுப்பெயராக ‘மயிர்ப் பதமூட்டல்’ என்றும், பழையதற்குப் ‘பாதரசப் பதமூட்டல்’ என்றும் தனித்தனியே வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் படிக்கிறவர் ஆபத்தைக் கவனிக்காமல் போய்விடுவார். பழைய தொப்பிகளில் பாதரசம் இன்னும் தங்கியிருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்கிறவர் முகமூடி இல்லாமல் தேய்க்கக் கூடாது, அடிக்குறிப்பில் அல்ல, விளக்கத்தின் முதல் வரியிலேயே இதை எழுதுங்கள்.

கடைசியாக, தொப்பிக்காரர்களுக்காக 1840களில் பாரிஸில் வந்த conformateur என்ற தலைவடிவக் கருவி. தலையில் தொப்பிபோல உட்கார்ந்து, சுற்றிலும் இருக்கும் சிறு கட்டைகள் தலையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நகர, மேல்மூடியில் உள்ள ஊசிகள் ஒரு அட்டையில் அந்த வடிவத்தைச் சிறியதாகக் குத்திக் காட்டும். ‘தலைமானி’ என்று ஒருவர் சொன்னார். மானி என்றால் எண் தர வேண்டும், இது எண் தருவதில்லை. ஒரே சுற்றளவு உள்ள இரண்டு தலைகளில் ஒன்று நீளமாகவும் ஒன்று உருண்டையாகவும் இருக்கும், 58 செ.மீ. என்ற எண் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது. இந்தக் கருவி பிறந்ததே அதற்காகத்தான். ‘தலைவரைவி’ என்று வைக்கலாமா? இதைவிட நல்லது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மற்ற சொற்களை மட்டும் இப்போதைக்குப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.