விருந்தாளிக்கு இந்தியச் சாப்பாடு: வாழையிலையா, தந்தூரியா?

செந்தூல்வாசி: அடுத்த வாரம் ஜப்பானிலிருந்து இரண்டு பேர் எங்கள் கம்பெனிக்கு வருகிறார்கள். இந்தியச் சாப்பாடு என்றால் என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டுமாம். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாடு என்று நினைத்திருக்கிறேன். மேனேஜரோ வட இந்திய உணவகம்தான் மரியாதை என்கிறார். வருபவர்களில் ஒருவர் சைவம். கூட வரும் மலாய்க் கூட்டாளிக்கு ஹலால் வேண்டும். எங்கே போகலாம்?

பங்சார்பையன்: மேனேஜர் சொல்வதுதான் சரி அண்ணே. இலையில் எது என்னவென்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் மீன் குழம்பும் பருப்பும் ஒன்றாகியிருக்கும். தந்தூரிக் கடையில் தால் மக்கானி, பாலக் பனீர் எல்லாம் தனித்தனிக் கிண்ணத்தில் வரும். உறைப்பும் கம்மி, சைவத்துக்கும் பஞ்சமில்லை.

பினாங்குமாமா: கிண்ணத்தில் வந்தால் விளங்கிவிடுமா தம்பி? நீங்கள் கட்டாயம் ஆர்டர் செய்யப்போகும் பட்டர் சிக்கன், ஓர் உணவகத்தில் பிறந்தது. அதைக் கண்டுபிடித்தது யார் தாத்தா என்ற வழக்கு 2024-இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்கே போனது. பஞ்சாபி வீட்டில் அன்றாடம் தவாவில் சுட்ட ரொட்டி, பருப்பு, ஒரு காய், அவ்வளவுதான். நான் ரொட்டி சுட எத்தனை வீட்டில் தந்தூர் அடுப்பு இருக்கிறது? பேசாமல் பினாங்குக்குக் கூட்டி வாருங்கள். நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டு விற்ற குழம்புச் சோறு, நாசி கண்டார், இங்கே இருக்கிறது. கேம்பல் ஸ்திரீட் ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. ஹலால் பிரச்சினையும் தீர்ந்தது.

பங்சார்பையன்: மாமா, ராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ போய் உட்கார்ந்து "குவா சம்போர், பஞ்சிர்", அதாவது எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்று என்று மலாயில் சொல்லிப் பாருங்கள், திருதிருவென்று விழிப்பார்கள். நாசி கண்டார் மலேசியச் சாப்பாடு. ரொட்டி சானாய் பரோட்டாவும் தே தாரிக் தேநீரும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது மலேசியாவின் காலை உணவுப் பண்பாடு என்றுதான். அப்புறம், உணவகத்தில் பிறந்தது அசல் இல்லை என்றால் நம் இலையும் தப்பாது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, ஐரோப்பியக் கப்பலில் வந்தவை. மோர் மிளகாய் இல்லாமல் இலைச்சாப்பாடு சாப்பிடத் தயாரா?

பினாங்குமாமா: மோர் மிளகாயில் கை வைக்காதே.

கிள்ளான்அக்கா: மாமா, சைவக்காரர் நாசி கண்டார் கடையில் வெண்டைக்காயை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருவார். அதுவும் இறைச்சிக் குழம்பு தொட்டதாக இருக்கும்.

செந்தூல் தம்பி, இலைக்கே போங்கள். ஆனால் உட்கார்ந்த உடனே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள், குழம்பை மொத்தமாக ஊற்ற வேண்டாம் என்று. கொஞ்சம் சோறு, முதலில் பருப்பு அல்லது சாம்பார். பிறகு கொஞ்சம் சோறு, மீன் குழம்பு. அப்புறம் ரசம், கடைசியில் மோர். நம் கடைகளில் ரசத்தைச் சின்ன டம்ளரில் வைக்கிறார்கள், ஆட்கள் சூப் மாதிரிக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சோற்றில் ஊற்றினால்தான் கனமான குழம்புக்குப் பிறகு மிளகும் புளியும் வயிற்றை எப்படி லேசாக்குகின்றன என்று தெரியும். பாகற்காய் பொரியலைத் தனியாகத் தின்னவிடாதீர்கள், பருப்புச் சோற்றோடு சாப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கறி சாப்பிடுகிறவருக்கு மீன் குழம்பையும் ஆட்டுக் கறியையும் அடுத்தடுத்துக் கொடுங்கள். மீனில் புளியும் வெந்தயமும், ஆட்டில் சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ. நம் மளிகைக் கடையில்கூட மீனுக்கு ஒரு மசாலாத்தூள், இறைச்சிக்கு ஒன்று என்று இரண்டு பொட்டலமாகத்தானே தொங்குகிறது? ஜப்பானில் அவர்கள் சாப்பிடும் கறிச் சோறு மெய்ஜி காலத்தில் ஆங்கிலேயர் வழியாகப் போனது. ஒரே மாவுக் குழம்பு, ஒரே வாசனை. இந்த இரண்டையும் ருசித்தாலே பாதி விளங்கிவிடும்.

பங்சார்பையன்: நல்ல பாடம்தான் அக்கா, ஆனால் அது தமிழ்நாட்டுப் பாடம். அதிலும் எஸ்டேட்டைச் சுற்றி வந்தது. அவர்கள் கேட்டது இந்தியா. வங்காளத்துக் கடுகெண்ணெய் மீன், வெல்லம் போட்ட குஜராத்திப் பருப்பு, கோவாவின் வினிகர் இறைச்சி இதெல்லாம் எந்த இலையில் வருகிறது?

கிள்ளான்அக்கா: உங்கள் பனீர் கடையில் மட்டும் வருகிறதா? ஒரு நாட்டை ஒரு மதியத்தில் காட்ட முடியாது. நமக்குத் தெரிந்த அடுப்படியைக் காட்டினால் கேட்கிற கேள்விக்குப் பதிலாவது சொல்லலாம். பனீர் எப்படிச் செய்வது என்று கேட்டால் செந்தூல் தம்பி மெனுவைத்தான் புரட்டுவார்.

பங்சார்பையன்: அது சரி. ஆனாலும் முதல் தடவை வருகிறவர்களைக் கையால் சாப்பிடச் சொல்லி, சட்டையில் ரசம் ஊற்றிக்கொள்ள வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

செந்தூல்வாசி: கரண்டி கேட்டால் தருவார்கள் தம்பி. அரசாங்கத்தின் ஜாக்கிம் ஹலால் சான்றிதழ் உள்ள ஓர் இலைக் கடையைப் பார்த்து வைத்திருக்கிறேன். மீன் குழம்பு வாளியையும் சாம்பார் வாளியையும் ஒரே கரண்டியால் தொடாதீர்கள் என்று முன்னாலேயே சொல்லிவிடுவேன். மதியத்தில் அங்கே கார் வைக்க இடம் கிடைக்காது, கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கிறோம். மேனேஜர் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார். அதனால் மறுநாள் இரவு தந்தூரி, அவர் செலவில்.

பங்சார்பையன்: அவர் செலவு என்றால் நானும் வருகிறேன்.

பினாங்குமாமா: அப்போ பினாங்கு?