இரவு வகுப்பு எடுத்த அக்காக்களைத் தேடுகிறேன்

1992. அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் பரவிக்கொண்டிருந்த நேரம். வியாசர்பாடியில் எங்கள் தெருவிலும் ஓர் இரவு வகுப்பு நடந்தது. அம்மா கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போடப் பழகியது அங்கேதான். சம்பளமே வாங்காமல் சொல்லிக்கொடுத்த ஆறு பேரை வருகிற செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு நாளன்று கூப்பிட்டுச் சால்வை போர்த்த ஆசை. இரண்டு பேர்தான் கிடைத்தார்கள்.

வருகைப் பதிவேடு 2015 வெள்ளத்தில் ஊறிப் பாதிப் பெயர் கரைந்துவிட்டது. மிச்சமிருப்பதும் வெறும் 'செல்வி அக்கா' தான். வடசென்னையில் எத்தனை செல்வி! பழைய முகவரிகளுக்கு நடந்தேன். பெரும்பாக்கம் பக்கம் போய்விட்டார்களாம். ரேஷன் கடை, முகநூல் எல்லாம் கேட்டாயிற்று. அப்புறம் ஓர் அலுவலகத்தில் பழைய கோப்பே இல்லை என்றார்கள்.

அந்தக் காலத் தொண்டர்களின் பெயர்ப் பட்டியல் சென்னையில் வேறு யாரிடம் இருக்கும்?