புதுப்பிப்பு: கமார்க் காளைகளைப் பார்த்துவிட்டு வந்தோம்

தெற்கு பிரான்ஸின் கமார்க் பகுதியில் அப்ரிவாதோ, அதாவது காளைகளைக் குதிரைகள் சூழத் தெரு வழியே அரங்குக்கு ஓட்டி வரும் நிகழ்ச்சி பார்க்கப் பையனைக் கூட்டிப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போனோம், தடுப்புக் கம்பிக்கு வெளியேதான் நின்றோம்.

முதலில் குளம்புச் சத்தம்தான் வந்தது. வெள்ளைக் குதிரைகளில் கார்தியான்கள், அதாவது அந்த ஊர் மேய்ப்பர்கள், முழங்காலோடு முழங்கால் உரச ஆப்பு மாதிரி நெருக்கி வர, நடுவே கறுப்புக் காளைகளின் கொம்பு மட்டும் தெரிகிறது; பின்னால் பையன்கள் ஓடி வாலைப் பிடித்து இழுத்து வளையத்தைக் கலைக்கப் பார்க்கிறார்கள். பத்து நொடிதான், கடந்துவிட்டார்கள்! குதிரைக்குட்டிகள் பிறக்கும்போது கருமையாம், வளர வளரத்தான் வெளுக்குமாம், பையன் நம்பவே இல்லை.

அப்புறம், காளையைக் கொல்வார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. அரங்கில் கொம்பிடையே கட்டிய குஞ்சத்தைப் பறிப்பதோடு சரி, காளை மேய்ச்சலுக்குத் திரும்பிவிடும்.