ஹோர்முஸில் கண்ணிவெடி போட்டால் எண்ணெய் நின்றுவிடுமா?

கணக்கன்:
கடற்கண்ணிவெடி என்றாலே, பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை மூடிவிடும் என்று பதறுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. 1980களின் ஈரான்-ஈராக் போரில் டேங்கர்களை, அதாவது எண்ணெய்க் கப்பல்களை, வருடக்கணக்காக அடித்தார்கள். எண்ணெய் நின்றதா? 1987 ஜூலையில் பிரிட்ஜ்டன் என்ற குவைத் டேங்கர், அமெரிக்கக் கொடியோடு போகும்போது வளைகுடாவின் ஃபார்சி தீவருகே கண்ணிவெடியில் மாட்டியது. ஓட்டையோடே குவைத் போய்ச் சேர்ந்தது. ஈரானின் எண்ணெயும் ஹோர்முஸ் வழியாகத்தான் போகிறது. தன் வாசலில் தானே முள் வெட்டிப் போடுவார்களா?

அலைவாய்:
மீதிக் கதையையும் சொல்லுங்கள். வெடித்த பிறகு, காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் அந்த டேங்கரின் பின்னால் வரிசை கட்டிப் போயின! டேங்கர் தாங்கும், அவை தாங்காது. 1988 ஏப்ரலில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது 1908ஆம் வருட ரஷ்ய வடிவமைப்பு வெடி. விலை 1,500 டாலர் என்பார்கள். பழுது பார்க்க ஆனது சுமார் 9 கோடி டாலர்.

கணக்கன்:
சரி, ஆனால் நான்கே நாளில் அமெரிக்கா ஈரானைத் திருப்பி அடித்ததே. ஈரானுக்குத்தான் பெரிய நஷ்டம்.

அலைவாய்:
யார் போட்டது என்று தெரிந்ததால் அடித்தார்கள். 1984இல் செங்கடலில் பதினைந்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அடிபட்டன. லிபியா மேல் சந்தேகம், அவ்வளவுதான். கண்ணிவெடியில் அனுப்புநர் முகவரி இருக்காது.

கணக்கன்:
இருந்ததே! ராபர்ட்ஸ் அடிபட்ட இடத்தில் எடுத்த மற்ற வெடிகளின் வரிசை எண், முந்தைய செப்டம்பரில் வெடி போடும்போது கையும் களவுமாகப் பிடிபட்ட 'ஈரான் அஜர்' என்ற ஈரானியக் கப்பலின் வெடிகளோடு ஒத்துப்போனது.

எஞ்சின்ரூம்:
இருபது வருடம் டேங்கரில் இருந்தவன், நடுவே நுழைகிறேன். தம்பிகளா, வெடி எத்தனை என்பதை நாங்கள் எண்ணுவதில்லை. 'அங்கே இருக்கலாம்' என்று ஒரு எச்சரிக்கை வந்தால் போதும். காப்பீட்டுக்காரர் தொகையை ஏற்றுவார், முதலாளி நங்கூரம் போடச் சொல்வார். கீழே எஞ்சினருகே நிற்பவனுக்கு அன்று சோறு இறங்காது. வெடிகளைத் தேடி அகற்றப் போனாலும், ஒன்றுமில்லை என்று உறுதி சொல்லத்தான் அதிக நாள் பிடிக்கும்.

கணக்கன்:
அண்ணே, அது தாமதம். நான் கேட்டது மூடுவதைப் பற்றி. ஹோர்முஸைத் தொடாமலே எண்ணெய் அனுப்ப, சவூதிக்குச் செங்கடலோர யான்பு துறைமுகத்துக்கும், எமிரேட்ஸுக்கு நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைரா துறைமுகத்துக்கும் குழாய் இருக்கிறது.

அலைவாய்:
2024இல் ஹோர்முஸ் வழியே போனது நாளுக்கு சுமார் 2 கோடி பீப்பாய். அந்த இரண்டு குழாயும் சேர்ந்து அதில் பாதியைக்கூட ஈடுகட்டாது. கத்தாரின் எரிவாயுக் கப்பலுக்கு எந்தக் குழாய்?

கணக்கன்:
எரிவாயுவுக்கு மாற்று வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். எண்ணெய் விஷயத்தில் என் கட்சி மாறவில்லை.