சந்தைக்குப் போகிற வழியில் கண்ணில் படும் பழைய கார்கள்: மலேசியா, பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரம்

எந்த இடத்தில் எந்தக் கார் நின்றது, அதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடிந்தது என்பதை எழுதுங்கள். கண்காட்சியில் மெருகேற்றி நிறுத்திய கார்கள் இங்கே வேண்டாம். இன்றைக்கும் காய்கறி ஏற்றுகிற, உரம் ஏற்றுகிற, பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற கார்கள் போதும். அவற்றில்தான் எது தேய்கிறது, எது தாங்குகிறது என்று கண்ணால் பார்க்கலாம். எண்பலகையும் வீடிருக்கும் இடமும் எழுத வேண்டாம்.

பட்டறைக்காரர்:

காலைச் சந்தைக்குப் பின்னால், மீன் லோரிகள் நிற்கும் வரிசையில் ஒரு மோரிஸ் மைனர். நான்கு கதவு, சாம்பல் நிறம், பின் இருக்கையில் கீரைக்கட்டு. மைனர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். எந்தக் காலத்து மைனர் என்று சொல்ல மூன்று இடம் பார்க்க வேண்டும். முன்கண்ணாடி நடுவில் தண்டு வைத்து இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. வளைந்த ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பிறகு வந்த மோரிஸ் 1000. அடுத்தது கதவுத் தூண். சிக்னல் கை மடங்கி உட்கார அங்கே ஒரு நீளப் பள்ளம் இருக்கும். 1961க்குப் பிறகு வந்தவற்றில் அது கிடையாது, மின்னும் விளக்கு வந்துவிட்டது. பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்த கார்களும் ஓடுகின்றன. சாய்வெயிலில் அந்த இடம் மட்டும் அலை அலையாகத் தெரியும். மூன்றாவது எஞ்சின்: 1956லிருந்து 948 சிசி, 1962லிருந்து 1098 சிசி.

பூனட்டின் நடுவில் நீளவாக்கில் ஓடும் பட்டை அழகுக்கு வைத்ததல்ல. வடிவமைப்பாளர் அலெக் இசிகோனிஸ் மாதிரிக் காரை நீளவாக்கில் அறுத்து, இரண்டு பாதிகளையும் நான்கு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்து, அந்த அகலமே சரி என்று முடிவு செய்தார். கார் 1948ல் வெளிவந்தது. பூனட்டில் சேர்ந்த அந்த நான்கு அங்குலம்தான் இந்தப் பட்டை.

இதைவிட முக்கியமானது முன் சக்கரம். காருக்கு நேர் எதிரில் நின்று பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சாய்ந்து நின்றால் ட்ரன்னியனைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் கால், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக மரை வெட்டிய ட்ரன்னியன்களுக்குள் திருகித் திரும்புகிறது. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு கிரீஸ் நிப்பிள். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 1,600 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் ஏற்ற வேண்டும். அதையும் ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஏற்ற வேண்டும். சக்கரம் தரையில் இருந்தால் பாரம் மரையின் ஒரு முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கிரீஸ் அந்த முகத்துக்குப் போகாது. காய்ந்து ஓடிய மரை தேய்ந்து, கால் கீழ் ட்ரன்னியனிலிருந்து கழன்று, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிவிடும். வேகமாக ஓடும்போது நடப்பதைவிட, மெதுவாக ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக் காரை நிறுத்தும்போது நடப்பதுதான் அதிகம். சந்தையில் நின்ற காரில் பெயிண்ட் மங்கிப் போயிருந்தது. ஆனால் நிப்பிள் வாயில் புதுக் கிரீஸ் பிதுங்கி நின்றது. பளபளக்கும் பல மைனர்களைவிட அதை நம்பி ஈப்போ வரை போகலாம்.

ஏ-சீரிஸ் பிரியர்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். மைனரில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். அதன் ஹெட், அதாவது சிலிண்டர்களுக்கு மேல் உட்காரும் மூடி, ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்த்தது. எக்ஸாஸ்ட் வால்வும் அது உட்காரும் வளையமான சீட்டும் மோதுமிடத்தில் அந்த ஈயம் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. இன்றைய ரோன்95 பெட்ரோலில் ஈயம் இல்லை. டவுனுக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இது பெரிய கவலை இல்லை. நெடுஞ்சாலையில் தொடர்ந்து விரட்டினால் சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். டாப்பெட் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலத்துக்கு வைத்து, எழுதி வையுங்கள். அடுத்தடுத்துப் பார்க்கும்போது எக்ஸாஸ்ட் பக்கம் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்றி அந்த நான்குக்கும் கடினச் சீட் அடிக்க வேண்டும். நான்கையும் ஒரே தடவையில் செய்துவிடுங்கள், லேத்துக் கூலி மிச்சம்.

தோட்டத்துப் பழைய ஆள்:

உரக்கடை வாசலில் மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது ஒரு லேண்ட் ரோவர், குட்டைச் சேசி, முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 88 அங்குலம். தலைவிளக்கு இரண்டும் முகப்பு வலைக்குள் நெருங்கி இருந்தால் 1960களின் கடைசிக்கு முந்தியது. மட்கார்டின் முகத்துக்கு நகர்ந்திருந்தால் இரண்டு-ஏ சீரிஸின் கடைசிக் காலமாகவோ 1971ல் வந்த மூன்றாம் சீரிஸாகவோ இருக்கும். வலை கம்பியா பிளாஸ்டிக்கா என்பதை மட்டும் நம்பாதீர்கள், ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் போடுவது சுலபம். சன்னல் வழியே டேஷ்போர்டைப் பாருங்கள். மீட்டர்கள் நடுவில் இருந்தால் மூன்றுக்கு முந்தியது, ஓட்டுகிறவருக்கு நேரே இருந்தால் மூன்றாம் சீரிஸ்.

மேல்தகடு அலுமினியக் கலவை, அதனால் துரு பிடிக்காத வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். சேசியும், எஞ்சினுக்கும் காலடிக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட்டும் இரும்பு. துரு தொடங்குவது பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில், சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில், காலடித் தகட்டில். இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் கரையும், வெள்ளைப் பொடியாக உதிரும்.

நம் வட்டாரத்தில் இதை இரட்டிப்பாக்குவது உரம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. மூட்டை கிழிந்து சிந்திய பொடி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து உப்புநீராகி, தகட்டின் மூட்டு வழியே சேசிக்கு இறங்கும். கடலோரக் கார் துருப்பிடிக்கும் வேகத்தில் மலையோரத் தோட்டத்து வண்டியும் துருப்பிடிப்பது இதனால்தான். உரம் ஏற்றிய அன்றே பின்பெட்டியைக் கூட்டிப் பெருக்கிவிட்டுத் தண்ணீர் அடிக்க வேண்டும். கூட்டாமல் தண்ணீர் மட்டும் அடித்தால் உரம் கரைந்து இன்னும் உள்ளே போகும். சேசியின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைச் செம்மண் அடைத்திருக்கும். ஒரு கம்பி விட்டுக் குத்தித் திறந்துவிடுங்கள். குறுக்குச் சட்டத்தில் மட்டும் புதிதாகக் கெட்டித் தார் பூசியிருந்தால் விலை பேசும் முன் நன்றாக யோசியுங்கள்.

ஓட்டக் கிடைத்தால்: மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழைப் பின்னால் இழுத்தால் லோ கியர், அப்போது நான்கும் தானாகவே சேரும். தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக்கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் அச்சில் முறுக்கேறும். மண்ணில் டயர் சறுக்கி அதைத் தீர்த்துவிடும், தாரில் சறுக்காது. பின் அச்சுத் தண்டு உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

பால் மரத்துப் பக்கம்:

ரப்பர் பால் ஏற்றிய வண்டிகளுக்குத் தனிப் பார்வை வேண்டும். பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். அமோனியாவுக்குப் பித்தளையும் செம்பும் ஆகாது. பின்னால் டிரம் ஏற்றி ஓடிய பழைய பிக்அப்பில் விளக்கு வயர் முனைகள் பச்சை பூத்திருக்கும், பித்தளைப் பொருத்துகளில் முடி மாதிரி விரிசல் ஓடியிருக்கும். கட்டியாக்கப் போடும் ஃபார்மிக் அமிலம் சிந்திய இடத்தில் இரும்புத் தகடு ஓட்டையாகியிருக்கும். அந்தக் காலத்து வண்டியைக் கையில் எடுத்தால் பெயிண்டுக்கு முன்னால் பின்பக்க வயரிங் முழுவதையும் மாற்றுங்கள். பெட்ரோல் குழாயின் பித்தளை இணைப்புகளைப் புதிதாகப் போடுங்கள்.

டீசல்காரர்:

கோலகங்சார் சாலையில் டீசல் அடிக்க நின்ற மெர்சிடிஸ் டபிள்யூ123, 200டி. முன்பு டாக்சி. வெள்ளை எண்பலகையில் எச் எழுத்து இருந்த காலத்து ஆணி ஓட்டைகள் பம்பருக்கு மேலே இன்னும் இருக்கின்றன. இந்த உருவம் 1976ல் வந்தது, 1980க்கு முன்பா பின்பா என்பதை ஸ்டார்ட் செய்யும் விதத்திலேயே சொல்லலாம். பழையதில், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக் நான்கும் தொடராக இணைந்தவை. ஒன்று கருகினால் நான்கும் சூடாகாது. நன்றாக இருந்தாலும் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். பிந்தியதில் ஒவ்வொன்றுக்கும் தனி வயர், ஒன்று போனாலும் மற்ற மூன்று வேலை செய்யும். காலையில் ஒரு பக்கம் தடுமாறிக் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டால் அந்த ஒன்றைத் தேடுங்கள். சாவியைத் திருகி உடனே ஸ்டார்ட்டர் அடிக்கிறவர் பிளக்கையும் பேட்டரியையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

பிளக் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை நிற்கவில்லையென்றால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் இன்டேக் 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. சுமார் 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. இந்த எஞ்சினில் இடைவெளி தளராது, இறுகும். சத்தம் எதுவும் வராததால் யாரும் கவனிப்பதில்லை. வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் குறைந்து, கடைசியில் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். உடனே டீசல் பம்ப் போய்விட்டது என்று சொல்லி அதைக் கழற்றிவிடுவார்கள். இடைவெளி அளக்கும் ஒரு ஃபீலர் கேஜும் இரண்டு 14 மில்லிமீட்டர் ஸ்பேனரும் இருந்தால் தீர்கிற காரியம் அது.

இன்னொன்று: சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பதற வேண்டாம். டீசலை நிறுத்துவது வாக்குவம். கதவுப் பூட்டும் அதே வாக்குவத்தில்தான் வேலை செய்கிறது. ஏதோ ஒரு கதவுப் பூட்டுக்குள் ரப்பர் கிழிந்தால்கூட நிறுத்தும் பலம் போய்விடும். பூனட்டைத் திறந்தால் எஞ்சின் மேல் ‘ஸ்டாப்’ என்று எழுதிய நெம்பு இருக்கும், அதை அழுத்துங்கள். பிறகு ஒவ்வொரு கதவின் குழாயாக அடைத்துப் பார்த்தால் ஓட்டை எந்தக் கதவில் என்று தெரிந்துவிடும்.

2019லிருந்து நம் டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல். எஞ்சினுக்கு அது நல்லதே. ஆனால் பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும், டேங்கில் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும். இஞ்செக்டர்களுக்கு நடுவே ஓடும் துணி சுற்றிய சின்னக் குழாய்களில் ஈரம் தெரிந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

கேஇ70:

தமிழ்ப்பள்ளி வாசலில் டொயோட்டா கொரோலா டிஎக்ஸ், மாடல் குறியீடு கேஇ70. கேஇ70 புதுமையா என்று கேட்கலாம். காரோடு வந்த 4கே எஞ்சினோடு இருந்தால் இன்றைக்குப் புதுமைதான். இளைஞர்கள் கைக்குப் போனவற்றில் பாதிக்கு மேல் இரட்டைக் கேம் 4ஏ-ஜிஇ எஞ்சின் ஏறியிருக்கும் என்றே நினைத்துக்கொண்டு பாருங்கள். ஸ்டார்ட் செய்யும்போது கேட்டால் போதும். 4கே புஷ்ராட் எஞ்சின், 1290 சிசி, டாப்பெட் தட்டும் ஓசை மெல்லியதாக, ஒரே சீராக வரும். இரட்டைக் கேம் எஞ்சின் இழுக்கும் ஓசையே வேறு. 4கேவின் வால்வு இடைவெளி எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.20 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.30. ஓசை வருகிறது என்று இதற்கும் குறைத்து இறுக்கினால் வால்வு கருகும்.

அதே வரிசையில் முதல் தலைமுறை புரோட்டோன் சாகா. 1985 ஜூலை 9ல் வெளிவந்த கார், மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் உடல். முகப்பில் பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் உள்ள பழைய சின்னம், 1.3 எஞ்சின், 13 அங்குல இரும்பு வீல், எல்லாம் அப்படியே இருக்கிற சாகாவை இப்போதே படம் எடுத்து வையுங்கள். சாதாரணக் கார் என்று யாரும் காப்பாற்றவில்லை, இஸ்வாராவின் பம்பரையும் விளக்கையும் மாட்டியே பலவற்றை மாற்றிவிட்டார்கள். துரு தேட வேண்டிய இடம் பூட் மூடியின் கீழ் உதடும் பின் சக்கர வளைவும்.

கேள்வி, புது உறுப்பினர்:

அண்ணே, எண்பலகையை வைத்து ஆண்டு கண்டுபிடிக்கலாமா? ஏ எழுத்து என்றால் பேராக் கார்தானே? பிடித்துப்போனால் எப்படிக் கேட்பது?

பட்டறைக்காரர்:

தம்பி, ஏ என்றால் பேராக்கில் பதிந்தது, அவ்வளவுதான். கோலாலம்பூருக்கு டபிள்யூ எழுத்து 1974ல்தான் வந்தது. அதனால் 1960களின் காரில் டபிள்யூ இருந்தால் பிறகு எண் மாற்றியதாகவோ பிந்திப் பதிந்ததாகவோ இருக்கும். எண்ணை இன்னொரு காருக்கு மாற்ற முடியும் என்பதால் பலகையை வைத்து ஆண்டை முடிவு செய்யாதீர்கள். கிரானில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் முறை: கார்க்காரர் சாமான் ஏற்றி முடிக்கட்டும். முதலில் காரைப் பற்றிப் பேசுங்கள், விலையைப் பேசாதீர்கள். அவர் சொல்லாமல் பூனட்டைத் தொடாதீர்கள், கதவைத் தட்டிப் பார்க்காதீர்கள். விற்க விருப்பம் என்று அவரே சொன்னால், யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தோட்டத்துப் பழைய கார்களில் பல, காலமான அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ நிற்கின்றன. இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அமானா ராயாவிலோ நீதிமன்றத்திலோ உத்தரவு வாங்காமல் பெயர் மாறாது. அந்த வேலையை அவர்கள் முடிக்கும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். அடுத்து, கிரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசி எண்ணும் காரில் உள்ளவையும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாறியிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவிலும் அது ஏறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனையில் கார் நின்றுவிடும்.

சேசி எண் படிக்க முடியாமல் மண்டிப் போயிருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், துருவோடு எண்ணும் போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் வெள்ளைச் சாக்பீஸைத் தடவி, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள்.