மகளும் அவள் கொண்டாடும் பாடகியும்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு வயது 14. ஒரு கொரியப் பாடகி என்றால் அவளுக்கு உயிர். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பித்தில்தான் கொரிய எழுத்துகளைத் தானாகவே கற்றுக்கொண்டாள், கூச்சம் விட்டு மேடையில் ஆடினாள்.

இப்போது கவலை வேறு. போனில் அந்தப் பாடகியின் படத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் தாடையை விரலால் அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். ஃபில்டர் இல்லாமல் ஒரு படம்கூட எடுக்க விடுவதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குத் தினமும் ஒரு சாக்கு.

மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். இவள் ஒப்பிடுவதோ மேக்கப், விளக்கு, எடிட்டிங் எல்லாம் சேர்ந்து செய்த முகத்தோடு. சொன்னால், "எனக்கும் தெரியும்மா" என்கிறாள். தெரிந்தும் ஏன் இப்படி? (போனைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் அவள் அப்பா. எனக்கு அதில் உடன்பாடில்லை.)

பாடகியைக் குறை சொல்லாமல் இந்தப் பேச்சை எப்படி எடுப்பது? சாப்பாட்டைத் தவிர்ப்பது எந்தக் கட்டத்தில் ஆலோசகரிடம் போக வேண்டிய விஷயமாகிறது? அனுபவப்பட்டவர்கள், ஆசிரியர்கள் பதில் போடுங்கள். "இந்த வயசுல எல்லாரும் அப்படித்தான்" என்பது மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.