ரெக்கார்டர் பெட்டியை நம்பி எதையும் வைக்கலாமா?

கொள்ளிடக்கரை:

எங்கள் வீட்டு டிடிஎச் ரெக்கார்டர் பெட்டி போன வெள்ளிக்கிழமை ராத்திரி நின்றுவிட்டது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் உள்ளது, 2014-ல் வாங்கியது. சிவப்பு விளக்கு எரிகிறது, உள்ளே ஏதோ சுழலப் பார்க்கிறது, விளக்கு அணைகிறது, மறுபடியும் சிவப்பு. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. எல்லாக் கம்பெனியும் ஒரே பதிலைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன்.

கஸ்டமர் கேரில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். புதுப் பெட்டி தருவார்களாம், பழையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம், பதிவுகள் போய்விடுமாம். எடைக்குப் போடும் பேப்பரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

உள்ளே இருப்பது இதுதான். 2016-ல் ஒரு சானலின் சமையல் நிகழ்ச்சிக்காக எங்கள் ஊருக்கு வந்து அம்மாவைச் சமைக்கச் சொன்னார்கள். விரால் மீன் குழம்பு, 22 நிமிடம். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. போட்டோ நிறைய இருக்கிறது. குரல் அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. சானலில் கேட்டுப் பார்த்தேன், அவ்வளவு பழையது தங்களிடம் இல்லை என்றார்கள்.

காசு கொடுத்து வாங்கிய டிஸ்க். அதில் இருப்பதை எடுத்துக்கொள்ள எனக்கு வழியே இல்லையா? அட்டைப்பெட்டியில் 500 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்கு, இதில் வைத்தது நிலைக்காது என்று பொடி எழுத்திலாவது ஒரு வரி போடத் தெரியாதா?

மாடிவீட்டு வைஃபை:

வருத்தமாக இருக்கிறது சார். ஆனால் 2014 பெட்டி இத்தனை நாள் ஓடியதே பெரிய விஷயம். இப்போதுதான் எல்லாம் ஓடிடியில் கிடைக்கிறதே, இன்னும் எதற்கு ரெக்கார்டர்?

மாலா திருநகர்:

தம்பி, அவர் அம்மா வைத்த மீன் குழம்பு எந்த ஓடிடியில் இருக்கிறது என்று சொல்லுங்கள். நானும் பார்க்கிறேன்.

ஸ்டெபிலைசர்:

12 வருடம் டிஷ் மாட்டுகிற வேலை பார்த்தவன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பெட்டியில் செருகியிருக்கும் சந்தா கார்டையும் புதுப் பெட்டிக்கு மாற்ற விடாதீர்கள்.

அப்புறம், கொஞ்சம் கசப்பான பேச்சு. அந்தப் பெட்டியை எல்லோரும் பீரோ என்று நினைக்கிறீர்கள். அது திண்ணை. வந்தவர் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போகிற இடம். திண்ணையில் நகையை வைத்துவிட்டுத் தூங்கினால் யாரைக் குற்றம் சொல்வது?

ராத்திரி நாம் டிவியை மட்டும் அணைப்போம், பெட்டியை அப்படியே விட்டுவிடுவோம். நேரலையை நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறதே, அதற்காக அந்தச் சானலை அது டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு 8,760 மணி நேரம். இப்படி ஓய்வில்லாமல் ஓடுவதற்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் தனியாக டிஸ்க் செய்தார்கள். அந்த டிஸ்க்கும் சூட்டைத் தாங்காது. நான் போன வீடுகளில் பாதிப் பெட்டிகளின் மேல் பூத்தையல் போட்ட துணி, துணிக்கு மேலே தலையாட்டி பொம்மை. காற்றுப் போகிற ஓட்டை முழுக்க அடைத்துக் கிடக்கும். பெட்டிக்கு அடியில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர், அதன் சூடு வேறு.

மின்வெட்டையும் சேருங்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே எத்தனை மணி நேரம் கரண்ட் போனது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்கிற அட்டவணையே கலைந்துபோகும். படம் டிஸ்கிலேயே இருக்கும், பெட்டிக்கு வழி தெரியாது. பட்டியல் காலியாகத் தெரியும்.

ஆனால் உங்கள் பெட்டி சொல்லும் அறிகுறி டிஸ்க் போனது மாதிரி எனக்குத் தோன்றவில்லை. டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில்தான் கரண்டை அதிகம் இழுக்கும். சப்ளை பலவீனமாக இருந்தால் அந்த நொடியில் படுத்துவிடும், பெட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடாப்டரைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் பவர் போர்டில் தலை வீங்கிய கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று ஒரு டிவி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கம்பெனி ஆளிடம் காட்டினால் போர்டைப் பார்க்க மாட்டார். பெட்டியை மாற்றுவதுதான் அவருக்கு வேலை.

கொள்ளிடக்கரை:

நன்றி. ஒரு சந்தேகம். டிஸ்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் எடுத்துவிடலாம் என்று அண்ணன் மகன் துடிக்கிறான்.

ஸ்டெபிலைசர்:

அவன் கையைக் கட்டிப் போடுங்கள். விண்டோஸுக்கு அந்த டிஸ்க் புரியாது, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் யாராவது ஆமாம் என்று அழுத்திவிடுவார்கள். அழுத்தாவிட்டாலும் பயனில்லை, எல்லாம் பூட்டிய நிலையில்தான் எழுதப்பட்டிருக்கும். பூட்டு டிஸ்கில் இருக்கிறது, சாவி அந்தப் பெட்டியிலும் கார்டிலும் இருக்கிறது. அதனால்தான் இரண்டையும் விடாதீர்கள் என்றேன்.

எட்டாம் நம்பர் பஸ்:

ஸ்டெபிலைசர் அண்ணன் சொன்ன வைத்தியத்தில் எனக்குச் சண்டை இல்லை. திண்ணை என்றதில்தான் சண்டை. விற்கும்போது யாராவது திண்ணை என்று சொல்லி விற்றார்களா? இத்தனை நூறு மணி நேரம் சேமிக்கலாம் என்றுதானே விற்றார்கள். சேமிப்பு என்கிற வார்த்தைக்குத் தமிழில் ஒரு அர்த்தம்தான் உண்டு.

அந்த மணிக்கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம். எச்டி சானல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி. 500-ஐ 3.6-ஆல் வகுத்தால் 138 மணி நேரம். அதே டிஸ்கில் 2 மெகாபிட்டில் வரும் சாதாரண சானலைப் பதிந்தால் 555 மணி நேரம். விளம்பரத்தில் எந்த எண்ணைப் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? எச்டி பெட்டி என்று விற்பது, மணிக்கணக்கு மட்டும் எச்டி இல்லாத சானலுக்கு!

இதிலும் முழு 500 கிடைக்காது. நேரலையை நிறுத்தி வைக்க ஒரு பங்கு. கம்பெனி தானாக இறக்கி வைக்கும் படங்களுக்கும் பல பெட்டிகளில் ஒரு பங்கு உண்டு. மிச்சம்தான் நமக்கு.

இது இன்று வந்த பழக்கமில்லை. 1999-ல் அமெரிக்காவில் முதல் டிவோ பெட்டிகள் 14 மணி நேரம், 30 மணி நேரம் என்று இரண்டு அளவில் வந்தன. இரண்டு எண்ணும் இருப்பதிலேயே மட்டமான தரத்தில் பதிந்தால்தான். 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் நம் ஊருக்கு வந்தபோது 160 ஜிபிக்கு 45 மணி நேரம் என்றார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு மூன்றரை ஜிபி. அது நியாயமான கணக்கு. அளவாகச் சொல்ல முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

விசிஆரில் 180 நிமிடக் கேசட்டை மெதுவாக ஓடவிட்டு 6 மணி நேரம் பதிவோம், ஞாபகம் இருக்கிறதா? படம் மங்கினாலும் முடிவு நம் கையில் இருந்தது. இந்தப் பெட்டி வானத்திலிருந்து வருவதை அப்படியே டிஸ்கில் கொட்டுகிறது. தரத்தைக் குறைத்து இடத்தைக் கூட்டுகிற பொத்தான் கிடையாது.

மாலா திருநகர்:

இவ்வளவு திட்டுகிறீர்களே, எனக்கு அந்தப் பெட்டி வந்த பிறகுதான் உயிர் வந்தது. ராத்திரி 8 மணிக்கு மாமனாருக்கு செய்தி, மாமியாருக்கு சீரியல், பிள்ளைக்கு மேட்ச். மூன்று பேருக்கும் நடுவில் நின்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தவள் நான். பெட்டி வந்த பிறகு சீரியல் பதிவில் போனது. விளம்பரத்தைத் தாண்டிப் பார்த்தால் அரை மணி நேரத்து சீரியல் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். 9 வருடத்தில் ஒரு தடவைகூட எங்கள் பெட்டி படுக்கவில்லை. நான் அதன் மேல் துணி போட்டதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. டிஸ்க் நிரம்பினால் பழையதைத் தானே அழித்துவிடும், சொல்லவே சொல்லாது. மாமியார் சேர்த்து வைத்த 40 எபிசோடில் முதல் 11 போன அன்று வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. பதிவுக்குப் பக்கத்தில் பூட்டு அடையாளம் போட்டால் அழியாது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டோம். அடுத்த வாரம் இடமில்லை என்று புதுப் பதிவையே நிறுத்திவிட்டது.

இன்னொன்று. ஒரே நேரத்தில் இரண்டு சானல் பதியலாம் என்றார்கள், முதல் வருடம் முழுக்க ஒன்றுதான் பதிந்தது. பெட்டிதான் கோளாறு என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால் மாட்ட வந்தவர் ஒரே ஒரு வயர் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்!

ஸ்டெபிலைசர்:

அக்கா, அது எங்கள் ஆட்கள் செய்த பாவம்தான், ஒப்புக்கொள்கிறேன். பெட்டி வயர் வழியாக 13 வோல்ட் அனுப்பினால் டிஷ்ஷின் முனையில் இருக்கும் எல்என்பி ஒரு பாதிச் சானல்களைக் கொடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் மறுபாதியை. ஒரு வயரில் ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றுதான். இரண்டு சானலையும் நிச்சயமாகப் பதிய வேண்டும் என்றால் இரட்டை எல்என்பி, இரண்டு வயர் வேண்டும். மூன்றாவது மாடியிலிருந்து இரண்டாவது வயர் இழுக்கச் சோம்பல்பட்டு பலர் விட்டுவிடுவார்கள்.

எட்டாம் நம்பர் பஸ்:

நம்பகம் பற்றிப் பேசும்போது மேட்சை விட்டுவிடக் கூடாது. 2019 உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியா–நியூசிலாந்து. நான் வேலைக்குப் போய்விட்டேன், வீட்டுப் பெட்டி ஒழுங்காகப் பதிந்தது. என்ன பதிந்தது தெரியுமா? நியூசிலாந்து 46.1 ஓவரில் 211, அப்புறம் மணிக்கணக்கில் மழை. மிச்ச ஆட்டம் மறுநாள் நடந்தது. பெட்டிக்கு அது தெரியாது. அதே வாரம் லார்ட்ஸில் இறுதிப் போட்டி. இரண்டு அணியும் 241, சூப்பர் ஓவர், அதுவும் சமம். நிகழ்ச்சிப் பட்டியலில் போட்ட நேரம் முடிந்ததும் பதிவு நின்றுவிட்டது. கடைசி ஓவர்கள் எனக்கு இன்றுவரை செவிவழிச் செய்திதான்.

மாலா திருநகர்:

முடிவு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க அதிலேயே வசதி இருக்கிறது. பார்க்கத் தெரியாதது உங்கள் தப்பு.

எட்டாம் நம்பர் பஸ்:

இருக்கிறது, நான்கு மெனுவுக்கு உள்ளே. தள்ளி வைத்தால் அடுத்த பதிவோடு மோதுகிறது என்று கேள்வி கேட்கும். சரி, அந்த ஒன்றில் பாதித் தப்பு என்னுடையது.

மாடிவீட்டு வைஃபை:

இவ்வளவு தொல்லைக்கு, யுஎஸ்பி போர்ட் உள்ள பெட்டி வாங்கி 1 டெராபைட் டிஸ்கை வெளியே மாட்டினால் முடிந்தது. நிரம்பினால் வேறு டிஸ்க். பெட்டி போனாலும் டிஸ்க் நம் கையில்.

எட்டாம் நம்பர் பஸ்:

டிஸ்க் கையில்தான் இருக்கும், படம் இருக்காது. அந்தப் பெட்டிகளும் மாட்டியவுடன் டிஸ்கைத் தன் வழியில் ஃபார்மேட் செய்துதான் எழுதும். பதிந்த பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாது. பெரும்பாலும் அவை ஒற்றை ட்யூனர், ஒன்றைப் பதிந்துகொண்டு வேறு சானலைப் பார்ப்பது சிரமம். பென் டிரைவ் மாட்டுகிறவர்களைக் கேட்கவே வேண்டாம், சூட்டில் ஒரு வருடம் தாண்டினால் அதிர்ஷ்டம்.

கொள்ளிடக்கரை:

ஸ்டெபிலைசர், உங்கள் உதவிக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ஆனாலும் திண்ணையில் நகை என்று சொன்னது இரண்டு நாளாக உறுத்துகிறது. கதவும் பூட்டும் போட்டு, சாவியை அவர்கள் வைத்துக்கொண்டு, உள்ளே வைத்த பிறகு இது திண்ணை என்றால் எப்படி? வேறு இடத்துக்கு நகல் எடுக்கலாம் என்று ஒரு வழி விட்டிருந்தால் நான் 2016-லேயே எடுத்திருப்பேனே.

ஸ்டெபிலைசர்:

நகல் எடுக்க விட்டால் சானல்காரர்கள் கம்பெனிக்குப் படம் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பூட்டு அவர்கள் கேட்ட பூட்டு. நியாயம் என்று சொல்லவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். வார்த்தை உறுத்தியிருந்தால் மன்னியுங்கள். கருத்து அதேதான்.

மெக்கானிக் என்ன சொன்னார்? பெட்டி உயிர் பெற்றால் முதல் வேலையாக ஒன்று செய்யுங்கள். எச்டிஎம்ஐ வழியாக எடுக்கப் பார்க்காதீர்கள், அதிலும் பூட்டு உண்டு. பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளை இருக்கும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்க ஒரு சின்ன கேப்சர் கருவி ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். சில பெட்டிகள் அதையும் தடுக்கும். பலது விடும்.

கொள்ளிடக்கரை:

மெக்கானிக் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினார். 250 ரூபாய். டிஸ்க் சுழன்றது, பட்டியல் வந்தது, அம்மாவின் நிகழ்ச்சி இருந்தது. அழுத்தினால், கணக்கு செயல்பாட்டில் இல்லை, ரீசார்ஜ் செய்யவும் என்று வருகிறது. பெட்டி நின்ற வாரத்தில் மாதம் முடிந்திருக்கிறது. என் அம்மாவைப் பார்க்க ஒரு மாத ரீசார்ஜ் செய்தேன். எட்டாம் நம்பர், இதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் வயர் வழியாக எடுத்தாயிற்று. படம் கொஞ்சம் மங்கல், முதல் சில விநாடி பெட்டியின் நீலப் பட்டை கீழே ஓடுகிறது. நடுவில் மழை வந்து சிக்னல் போன இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. புளி கரைக்கும் இடத்தில்தான் அது போயிருக்கிறது. எவ்வளவு புளி என்று அம்மா சொல்வது கேட்கவில்லை.

மாலா திருநகர்:

விரால் அரைக் கிலோவா, ஒரு கிலோவா? ஒரு கிலோ என்றால் பெரிய எலுமிச்சை அளவு புளி. உங்கள் பக்கத்தில் மாங்காய் போடுவார்கள் என்றால் அதில் பாதி.